அந்தமான் நாகம்: வரவும் செலவும்

டிஸ்கி: அடியேன் படித்தது பி.காம். பாம்பைக் கண்டால் நாற்காலி மேல் ஏறி நிற்கும் ரகம். ஆகவே டாக்டர்களும் விலங்கியல் படித்தவர்களும் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படிக்கவும். ஆனால் கணக்குப் பார்ப்பது என் தொழில். இந்தப் பதிவும் ஒரு வகையில் கணக்குதான்.

எங்கள் பிராஞ்சுக்குப் பயிர்க்கடன் புதுப்பிக்க ஒரு பெரியவர் வந்தார். ரங்கத் பக்கம் நெல் போடுகிறவர். குடும்பம் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதியாக வந்து, இங்கே காட்டைத் திருத்தி நிலமாக்கிய குடும்பம். கையெழுத்துப் போடத் தெரியாது, ரேகைதான். ஆண்களுக்கு இடது கைப் பெருவிரல் என்பது எங்கள் வழக்கம். மைப்பெட்டியை நகர்த்தினேன். அவர் கையை நீட்டினார். பெருவிரல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மொட்டைக் கணுதான் இருந்தது.

வேறு விரலில் வாங்கிக்கொள்ளலாம், சட்டத்தில் இடம் உண்டு. (கையே பயன்படாதவர்களிடம் கால் விரல் ரேகைகூட வாங்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.) அதை எல்லாம் முடித்துவிட்டு என்ன ஆயிற்று என்று கேட்டேன். வரப்பு வெட்டும்போது நாகம். பல வருஷம் முன்னால். ஆஸ்பத்திரியில் பாட்டில் பாட்டிலாக மருந்து ஏற்றினார்களாம். உயிர் தங்கிவிட்டது, விரல் கறுத்து எடுக்கும்படி ஆகிவிட்டது. சொல்லிவிட்டு எழுந்து போகும்போது ஒரு வார்த்தை சொன்னார்: "தவாய் தோ மெயின்லேண்ட் கே ஸாம்ப் கா ஹை, ஸாப்."

என் இந்தி லட்சணத்துக்கு முதலில் 'மெயின்லேண்ட் சாருடைய மருந்து' என்று காதில் விழுந்தது. ஸாம்ப் என்றால் பாம்பு, ஸாப் என்றால் ஐயா என்பது அவர் போன பிறகுதான் உறைத்தது. மருந்து மெயின்லேண்டு பாம்புக்கானது, ஐயா. அதைத்தான் அவர் சொல்லியிருக்கிறார்.

கடன் புதுப்பித்தாயிற்று. இந்த வாக்கியம் மட்டும் என்னை விடவில்லை. சாயங்காலங்களில் கிடைத்ததை எல்லாம் படித்துப் பார்த்தேன். பெரியவர் சொன்னது சரி. அது மட்டுமில்லை, அதன் பின்னால் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கதை ஒன்று இருக்கிறது.

முதலில் இங்கத்துப் பாம்புகள். போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியாகிவிட்டது, வாயில் வருவது என்னவோ இன்னும் போர்ட் பிளேர்தான். இந்தத் தீவுகளில் நம்மூர் நல்ல பாம்பு கிடையாது. கட்டுவிரியனும் இல்லை, கண்ணாடி விரியனும் இல்லை, சுருட்டை விரியனும் இல்லை. மெயின்லேண்டில் ஆளைக் கொல்லும் 'பெரிய நாலு' என்று சொல்வார்களே, அந்த நாலுமே இல்லை. அப்பாடா என்று இருந்துவிட வேண்டாம். இதற்குப் பதிலாக அந்தமானுக்கே உரிய நாகம் ஒன்று, அந்தமானுக்கே உரிய கட்டுவிரியன் ஒன்று, ராஜநாகம், பச்சையும் பழுப்புமாகக் குழிவிரியன்கள், கரையோரப் பாறைகளில் சுருண்டு கிடக்கும் பட்டை போட்ட கடல்பாம்புகள் என்று தனிப் பட்டாளமே இருக்கிறது.

அந்தமான் நாகத்துக்கு முதலில் பெயர் வைத்தவர் ஃபிராங்க் வால். இந்திய மருத்துவப் பணியில் இருந்த ராணுவ டாக்டர். பிறந்தது இலங்கை நுவரெலியாவில். போகிற இடமெல்லாம் பாம்பைச் சேர்த்து, செதில் எண்ணி, எழுதிவைப்பதே வேலையாக இருந்த மனிதர். 1921-ல் இலங்கைப் பாம்புகளைப் பற்றி அவர் எழுதிய பெரிய புத்தகத்தை இன்றைக்கும் ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள். 1913-ல் அவர் அந்தமான் நாகத்தை நல்ல பாம்பின் ஒரு வகை என்று சேர்த்து 'சாஜிட்டிஃபெரா' என்று பெயரிட்டார். அம்பு தாங்கி என்று அர்த்தம். 'வகை'தான், தனி இனம் என்று சொல்லவில்லை. அது தனி இனமாக ஏற்கப்பட இன்னும் எழுபது எண்பது வருஷம் ஆயிற்று. இந்தச் சின்ன விஷயம் பிறகு எவ்வளவு பெரிதாகிறது என்று பாருங்கள்.

இனி மருந்தின் கதை. 1891-ல் ஆல்பெர் கால்மெட் என்ற பிரெஞ்சு டாக்டர் சைகோனுக்கு வந்து பாஸ்டர் நிறுவனத்தின் கிளையை ஆரம்பித்தார். அந்த வருஷ மழையில் பாக்லியூ பக்கம் ஒரு கிராமத்துக்குள் நாகங்கள் புகுந்து நாற்பது பேரைக் கடித்தன, நாலு பேர் இறந்தார்கள். அந்தப் பாம்புகளிலிருந்துதான் அவர் ஆராய்ச்சி தொடங்கியது. விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி மிருகத்துக்குச் செலுத்தினால் அதன் ரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டாகிறது. அந்த ரத்தத்தின் தெளிநீரை எடுத்துக் கடிபட்டவனுக்குச் செலுத்தலாம். 1895 வாக்கில் பிரான்சின் லீல் நகரில் குதிரைகளை வைத்து இதைச் செய்து காட்டினார். இன்றைக்கு நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் ஆன்ட்டிவெனமும் அடிப்படையில் அதே குதிரை வைத்தியம்தான். நூற்று முப்பது வருஷமாக மாறாமல் இருக்கும் தொழில்நுட்பம் வேறு என்ன இருக்கிறது, எங்கள் லெட்ஜரைத் தவிர?

கால்மெட்டுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. நாகத்தின் விஷத்துக்குச் செய்த தன் மருந்து எல்லாப் பாம்புக்கும் கேட்கும் என்றார். ஆஸ்திரேலியாவில் சி. ஜே. மார்ட்டின் அங்கத்துப் பாம்புகளோடு வைத்துப் பார்த்துவிட்டு, கேட்காது என்றார். பிரேசிலில் வைட்டல் பிரேசில் (ஆள் பெயரே அதுதான்) அங்கத்து விரியன்களோடு பார்த்து அதையே சொன்னார். இந்தியாவில் ஜார்ஜ் லாம்ப் என்ற இன்னொரு மருத்துவப்பணி அதிகாரி 1900-களின் தொடக்கத்தில் நாகத்துக்கான மருந்தைக் கண்ணாடி விரியன் விஷத்தோடு சோதித்தார். பலிக்கவில்லை. பூட்டுக்கு ஒரு சாவி, பாம்புக்கு ஒரு மருந்து. 1904 வாக்கிலேயே இது இந்த நாட்டில் எழுதப்பட்டுவிட்ட உண்மை. வருஷத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதனால்தான் இந்தியாவில் நாலு பாம்பின் விஷத்தையும் சேர்த்துக் குதிரைக்குச் செலுத்தி ஒரே மருந்தாகச் செய்கிறார்கள். எந்தப் பாம்பு கடித்தது என்று கண்டுபிடிக்க முடியாத நாட்டில் அது நல்ல யோசனை. அதற்கான விஷத்தில் பெரும் பங்கு எங்கிருந்து வருகிறது தெரியுமா? நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில். 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்து, பாம்புத்தோல் வியாபாரமும் நின்று, இருளர்களின் பிழைப்பு போனது. ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் 1978-ல் பாம்பு பிடிக்கும் இருளர்களுக்கென்று கூட்டுறவு சங்கம் ஆரம்பித்தார்கள். தோலுக்காகக் கொல்வதற்குப் பதில் விஷத்துக்காகப் பிடிப்பது. முதலைப் பண்ணைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். மண் பானை, வாயில் கட்டிய துணி, உள்ளே பாம்பு. மூன்று நாலு வாரம் வைத்து, நாலு முறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். இந்தச் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதற்கு முன் 2017-ல் ஃபுளோரிடா அரசாங்கமே மலைப்பாம்பு பிடிக்க அவர்களை அழைத்திருந்தது.

ஆக, ரங்கத் பெரியவரின் நரம்பில் ஏறிய மருந்தின் ஊர் பெரும்பாலும் நம்ம செங்கல்பட்டுப் பக்கம். நம்மூர் விஷம், கடல் தாண்டி இங்கே மருந்தாக வந்திருக்கிறது. கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம்.

இங்கே கதை வேறு பக்கம் திரும்புகிறது. விஷத்துக்கு மருந்து ஒரு பக்கம், விஷமே மருந்து இன்னொரு பக்கம். ஊரில் அம்மா போன் செய்யும்போதெல்லாம் மாத்திரைப் பெயரைத் தப்பும் தவறுமாகப் படிப்பார்கள். "கடைசியில ப்ரில்னு முடியுதுடா" என்பார்கள். எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில். உங்கள் வீட்டு மாத்திரைப் பெட்டியிலும் ஒன்று இருக்கும். இந்த 'ப்ரில்' பரம்பரையின் மூத்தது காப்டோப்ரில். அது பிறந்தது ஒரு பாம்பின் பல்லில்.

பாம்பின் பெயர் ஜராராகா, பிரேசில் நாட்டு விரியன். கடிபட்டவனுக்கு ரத்த அழுத்தம் தடாலென்று விழும். 1940-களின் கடைசியில் ரோச்சா இ சில்வாவும் கூட்டாளிகளும் இந்த விஷத்தை ஆராய்ந்தபோது, ரத்தக்குழாயைத் தளர்த்தும் பிராடிகினின் என்ற பொருள் நம் உடம்பிலேயே இருப்பது தெரியவந்தது. அவருடைய மாணவர் செர்ஜியோ ஃபெரேரா 1965-ல் அடுத்த படி ஏறினார். பிராடிகினின் சீக்கிரம் அழிந்துபோகாமல் காப்பாற்றும் ஏதோ ஒன்று அந்த விஷத்திலேயே இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு லண்டனுக்கு ஜான் வேனின் ஆய்வகத்துக்குப் போனார். அங்கே பாக்லே என்ற நம் நாட்டுப் பெயர் கொண்ட விஞ்ஞானி 1968-ல் காட்டியதுதான் திருப்பம். ரத்த அழுத்தத்தை ஏற்றும் பொருளைத் தயாரிக்கும் நொதி ஒன்று உண்டு. அந்த நொதியை விஷச் சரக்கு மடக்கிப் போடுகிறது.

வேனுக்கு அமெரிக்க ஸ்குவிப் கம்பெனியோடு தொடர்பு இருந்தது. அங்கே குஷ்மன், ஒண்டெட்டி என்ற இருவர் விஷத்தில் இருந்த புரதத் துணுக்கைப் பிரித்துச் செய்து பார்த்தார்கள். வேலை செய்தது. ஆனால் ஊசியாகத்தான் போட முடியும், வாயில் போட்டால் வயிறு ஜீரணித்துவிடும். அந்தத் துணுக்கின் எந்த முனை நொதியின் எந்தக் குழியில் போய் உட்காருகிறது என்று யோசித்து, அதே வேலையைச் செய்யும் குட்டி மூலக்கூறு ஒன்றை ஆய்வகத்திலேயே கட்டினார்கள். அதுதான் காப்டோப்ரில். 1981-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மாத்திரையில் பாம்பு விஷம் துளிகூட இல்லை (அம்மாவிடம் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது). விஷம் காட்டியது வழி மட்டும்.

காப்புரிமை ஸ்குவிப்பிடம். விற்பனை கோடி கோடியாக. பாம்பு பிரேசிலுடையது, முதல் ஆராய்ச்சி பிரேசிலுடையது, லாபத்தில் பங்கு பிரேசிலுக்கு இல்லை. பிற்பாடு 1992-ல் உலக நாடுகள் உயிரின வளங்களுக்கு ஒப்பந்தம் போட்டு, 2002-ல் நம் நாடும் அதற்கென்று சட்டம் கொண்டுவந்தது இந்த மாதிரிக் கதைகளின் பின்னணியில்தான்.

இன்னும் இருக்கிறது. நம் சுருட்டை விரியனின் விஷத்தில் ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கும் சரக்கு உண்டு. அதைப் பார்த்துச் செய்த டிரோஃபிபான் 1998 முதல் மாரடைப்பு வார்டுகளில் ஏறிக்கொண்டிருக்கிறது. கண்ணாடி விரியன் விஷத்தை 1934-லேயே லண்டனில் மாக்ஃபார்லேன், பார்னெட் என்ற இருவர் ரத்தம் உறையாத ஹீமோஃபீலியா நோயாளிகளின் காயத்தில் நேராகவே தடவிப் பார்த்தார்கள், ரத்தம் நின்றது. இன்றும் லூபஸ் சம்பந்தமான ஒரு ரத்தப் பரிசோதனையில் அந்த விஷம்தான் ரசாயனம். நம் வயலில் செருப்பில்லாமல் நடப்பவனைக் கொல்லும் அதே விரியன், வெளிநாட்டு லேபில் குட்டிப் புட்டியில் விற்பனைக்கு இருக்கிறது.

மலாயா கதையைச் சொல்லாமல் போனால் அங்கிருக்கும் நம் சொந்தங்கள் கோபித்துக்கொள்வார்கள். 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் பினாங்கு ஆஸ்பத்திரியில் அலிஸ்டேர் ரீட் என்ற டாக்டர் இருந்தார். வடக்கே கெடா, பெர்லிஸ் பக்கத்துப் பால்மரக் காடுகளில் குழிவிரியன் கடி சகஜம். அந்தக் காடுகளில் விடியற்காலை இருட்டில் மரம் சீவப் போனவர்களில் எத்தனை பேர் தமிழர்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. கடிபட்டவர்கள் சிலருக்கு ரத்தம் நாள் கணக்கில் உறையவே இல்லை, ஆனாலும் பெரிதாக ரத்தம் கொட்டவும் இல்லை, நடமாடிக்கொண்டிருந்தார்கள். ரீட் இதைக் கவனித்து 1963-ல் எழுதினார். அதிலிருந்து ஆன்க்ரோட் என்ற மருந்து வந்தது. பக்கவாதத்துக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2000-ல் வந்த ஆய்வு பலன் என்றது, 2006-ல் வந்த இன்னொன்று இல்லை என்றது. கடைசியில் கைவிட்டுவிட்டார்கள். விஷத்திலிருந்து வருவதெல்லாம் காப்டோப்ரில் ஆகிவிடுவதில்லை. ராஜநாகத்தின் விஷத்திலிருந்து வலியைக் கொல்லும் ஒரு பொருளை 1995-ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் கோபாலகிருஷ்ணகோன் குழுவினர் பிரித்தெடுத்து, எலிகளில் அது மார்ஃபினை மிஞ்சுகிறது என்று காட்டினார்கள். அதுவும் மருந்துக்கடை வரை வரவில்லை.

நிற்க. இந்தப் பட்டியலில் அந்தமான் நாகத்துக்கு இடம் உண்டா? உண்டு. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

டெல்லி எய்ம்ஸில் பேராசிரியர் டி. பி. சிங் தலைமையில் ஒரு குழு, 2000-களின் முதல் பாதியில், அந்தமான் நாகத்தின் விஷத்திலிருந்து பாஸ்ஃபோலிபேஸ் ஏ2 என்ற நொதியை எடுத்துப் படிகமாக்கி, எக்ஸ்ரே கொண்டு அணு அணுவாக அதன் உருவத்தைப் படம் பிடித்தது. ஏன் இந்த மெனக்கெடல்? இந்த நொதியின் உறவுக்கார நொதி நம் உடம்பிலும் இருக்கிறது. வீக்கம், மூட்டுவலி, அழற்சி எல்லாவற்றுக்கும் பின்னால் அதன் கை உண்டு. பாம்பு நொதியின் குழியில் எது போய்ப் பொருந்துகிறது என்று தெரிந்தால் புது வலி மருந்துக்கு வரைபடம் கிடைக்கும். ஆஸ்பிரின் எப்படிப் போய் உட்காருகிறது என்றுகூடப் பார்த்தார்கள். அந்த உருவங்கள் உலகப் புரதக் களஞ்சியத்தில் பொதுவில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அதாவது, இந்தத் தீவுப் பாம்பின் விஷம் புது மருந்துக்கு வரைபடமாகும் அளவுக்கு மதிப்புள்ளதாக இருந்தது. அந்தப் பாம்பு கடித்த மனிதனுக்கான மருந்து?

2021-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் கார்த்திக் சுனகர் குழுவினர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்தமான் நாகத்தைப் பற்றி முழுசாக, முறையாக. முதல் விஷயம், வம்சாவளி. இது நம் நல்ல பாம்பின் வகையே அல்ல. தென்கிழக்கு ஆசியாவின் ஒற்றை வட்ட நாகத்துக்குத்தான் நெருங்கிய சொந்தம். கால்மெட் காலத்தில் சைகோன் பக்கம் கிராமத்துக்குள் புகுந்ததே, அந்தக் குடும்பம். ஃபிராங்க் வால் போட்ட வகைக் கணக்கு தப்பு என்பது உறுதியாயிற்று. இரண்டாவது, விஷத்தின் சேர்மானம், வீரியம் எல்லாமே நல்ல பாம்பிலிருந்து வேறு. மூன்றாவது, இங்கே ஆஸ்பத்திரிகளில் இருக்கும் இந்திய ஆன்ட்டிவெனத்தை எலிகளில் சோதித்தார்கள். போதவில்லை. சரி, சொந்தக்காரனுடைய மருந்தாவது கேட்குமா என்று தாய்லாந்தில் ஒற்றை வட்ட நாகத்துக்கென்றே செய்கிற மருந்தையும் வைத்துப் பார்த்தார்கள். அதுவும் போதவில்லை.

நாலாவதாக ஒன்று. தென்னிந்திய நல்ல பாம்பின் விஷத்தையும் கூடவே சோதித்திருந்தார்கள். நம் மருந்து நம்மூர் நாகத்துக்கே சரியாகக் கேட்கவில்லை. என் கொஞ்ச நேரப் பெருமை இங்கே முடிந்தது. இதே குழு 2019-ல் மெயின்லேண்டின் வேறு பாம்புகளை வைத்துச் செய்த ஆய்விலும் நிலைமை இதுதான். ஒரே இனப் பாம்பானாலும் ஊருக்கு ஊர் விஷம் மாறுகிறது. ஒரு சங்கம், ஒரு வட்டாரம், அதிலிருந்து வரும் விஷத்தை வைத்து நாடு முழுக்க மருந்து செய்வது, திருநெல்வேலிக்காரன் கையெழுத்தை வைத்து காஷ்மீர்க்காரன் செக்கைப் பாஸ் பண்ணுவது மாதிரி. இதில் இருளர்களின் தப்பு எதுவும் இல்லை. அவர்கள் கொடுத்தது சுத்தமான சரக்கு. நாடு முழுக்க இது மாதிரி இன்னும் பத்து சங்கம் வைத்திருக்க வேண்டியது மற்றவர்கள் வேலை.

1904-ல் எழுதப்பட்ட உண்மை 2021-ல் மறுபடி நிரூபிக்கப்பட வேண்டியிருந்தது ஏன்? இங்கேதான் என் பி.காம். மூளை வேலை செய்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் மொத்த மக்கள்தொகை சுமார் 3,80,000. நம் ஊரில் ஒரு நடுத்தர நகரம். இதில் பாம்பு கடிபடுகிறவர் எத்தனை பேர், அதில் நாகம் கடித்தவர் எத்தனை பேர்? அந்த விரல்விட்டு எண்ணும் ஆட்களுக்காக ஒருவர் இங்கே பாம்பு பிடிக்க அனுமதி வாங்கி, விஷம் எடுத்து, தனியாகக் குதிரை வளர்த்து, தனி பேட்ச் போட்டு, காலாவதியாகும் முன் விற்க வேண்டும். அப்படி ஒரு புராஜெக்ட் ரிப்போர்ட்டை யாராவது என் மேஜைக்குக் கொண்டுவந்தால், உண்மையைச் சொல்கிறேன், நானே சாங்ஷன் பண்ண மாட்டேன். ரங்கத் பெரியவரை எதிரே உட்காரவைத்துக்கொண்டே "வயபிலிட்டி இல்லை" என்று எழுதுவேன். வலி மருந்துக்கு உலகமே சந்தை. அந்தமான் நாகக் கடிக்குச் சந்தை மூன்று நெல் வயல்.

மெயின்லேண்டு கணக்கும் சின்னது இல்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்பு கடித்து இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று 2020-ல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. வருஷத்துக்குச் சராசரி 58,000. கிட்டத்தட்ட எல்லாரும் கிராமத்து ஏழைகள். 2017-ல்தான் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியை அலட்சியப்படுத்தப்பட்ட நோய்களின் முதல் வரிசையில் சேர்த்தது. 2024 மார்ச்சில் மத்திய அரசு தேசியச் செயல்திட்டம் ஒன்றை அறிவித்தது. 2030-க்குள் சாவைப் பாதியாக்குவது இலக்கு.

ஆனால் கதை அப்படியே நின்றுவிடவில்லை, அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். எய்ம்ஸ் குழு படம் பிடித்ததே பாஸ்ஃபோலிபேஸ், அந்த வகை நொதியை மடக்க வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளும் முயன்றுகொண்டிருந்தன. அப்படி வந்த ஒன்று வரெஸ்பிளாடிப். அழற்சியைக் குறைத்து இருதய நோயாளிகளைக் காப்பாற்றும் என்று நம்பிப் பெரிய சோதனை நடத்தினார்கள். பலன் இல்லை, மாரடைப்பு கூடத்தான் செய்தது. 2012-ல் நிறுத்திவிட்டார்கள். எங்கள் பாஷையில் வாராக்கடன்.

மாத்யூ லெவின் என்ற அமெரிக்க டாக்டர் இந்த வாராக்கடனை எடுத்துப் பாம்பு விஷத்தோடு வைத்துப் பார்த்தார். 2016-ல் முடிவுகளை வெளியிட்டார். பல நாட்டுப் பாம்புகளின் விஷத்தில் இருக்கும் பாஸ்ஃபோலிபேஸை இது மடக்கியது. குதிரை வேண்டாம். எந்தப் பாம்பு என்ற கேள்வியும் அவ்வளவு முக்கியமில்லை, அந்த நொதி பெரும்பாலான விஷங்களில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வாயில் போட்டு விழுங்கும் மாத்திரையாகக் கொடுக்கலாம். திக்லிபூரிலிருந்து போர்ட் பிளேருக்கு ரோட்டில் 300 கிலோமீட்டருக்கு மேல், நடுவில் படகில் ஏறி இறங்கி வரவேண்டிய தூரம் என்று தெரிந்தவர்களுக்கு, 'விழுங்கும் மாத்திரை' என்ற இரண்டு வார்த்தையின் எடை புரியும். 2021 முதல் இந்தியாவிலும் அமெரிக்காவிலும் மனிதர்களில் சோதனை நடந்தது. ஆன்ட்டிவெனத்தோடு கூடவே கொடுத்துப் பார்த்தார்கள். ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் எதிர்பார்த்த முடிவு கிடைக்கவில்லை. கடித்துச் சில மணி நேரத்துக்குள் மருந்து கிடைத்தவர்களிடம் மட்டும் நல்ல அறிகுறி தெரிந்தது. பெரிய சோதனை இன்னும் தேவை.

இன்னொரு பக்கம், பெங்களூர்க் குழுவும் கலிபோர்னியாவின் ஸ்க்ரிப்ஸ் நிறுவனமும் சேர்ந்து 2024 பிப்ரவரியில் ஆய்வகத்திலேயே செய்த எதிர்ப்பொருள் ஒன்றை வெளியிட்டார்கள். நாகம், கட்டுவிரியன், ஆப்பிரிக்க மாம்பா என்று பல பாம்புகளுக்குப் பொதுவான ஒரு நரம்பு நஞ்சை அது பிடித்துக்கொள்கிறது. எலி அளவில்தான் இருக்கிறது. ஆனால் ஊருக்கு ஊர் தனி மருந்து என்ற முடிச்சைச் சுற்றிப் போக இது ஒரு வழி. மூன்று நெல் வயலுக்குச் சந்தை இல்லாவிட்டாலும், உலகத்துக்கே செய்கிற மருந்தில் அந்த மூன்று வயலும் அடங்கிவிடும்.

பெரியவர் அடுத்த தவணை கட்ட வந்தபோது இதையெல்லாம் என் ஓட்டை இந்தியில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். மாத்திரை எப்போது ரங்கத்துக்கு வரும் என்றார். தெரியாது என்றேன். ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அறுப்பு நேரத்தில் தான் இப்போது ரப்பர் பூட்ஸ் போடுவதாகச் சொன்னார்.

பி.கு: இதைப் படித்துவிட்டு "ஆன்ட்டிவெனம் பிரயோஜனமில்லை" என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். மேலே சொன்னவை எலிச் சோதனைகள். இன்றைய தேதியில் நாகம் கடித்தால் உயிரைக் காப்பாற்ற ஆஸ்பத்திரியில் இருப்பது அந்த மருந்தும், தேவைப்பட்டால் செயற்கை சுவாசமும்தான். பெரியவர் பிழைத்தது அங்கே போனதால். கடிபட்டால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். மோதிரம், வளையல், கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாம்பைத் தேடிப் பிடித்து எடுத்துவர வேண்டியதில்லை. அந்த நேரத்தில் பாதி வழி போய்விடலாம்.